பீட்டா பில்டை டெஸ்டர் கையில் சேர்ப்பது எப்படி? மொபைல் கேம் செய்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

“மூணாவது லெவல்ல கேம் நின்னுடுது ப்ரோ.”

வாட்ஸ்ஆப்பில் இப்படி ஒரு வரி வந்தால், கேம் செய்தவருக்கு உடனே நாலு கேள்விகள் எழும். எந்த போன்? ஆண்ட்ராய்டில் எந்தப் பதிப்பு? நேற்று அனுப்பிய பில்டா, போன வாரத்ததா? பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியதா, யாரோ ஃபைலாக அனுப்பியதா? இவற்றுக்குப் பதில் தெரியாவிட்டால் அந்தப் புகாரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் உங்கள் போனில் மூன்றாவது லெவலைப் பத்து முறை ஆடிப் பார்ப்பீர்கள். அது ஜம்மென்று ஓடும்.

பீட்டா விநியோகம் என்றால் ஃபைலை அனுப்புவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அனுப்புவது சின்ன வேலை. எந்த பில்ட் யார் கையில் இருக்கிறது என்பது எந்த நேரமும் தெரிந்திருப்பதுதான் பெரிய வேலை. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

முதலில் சொற்கள். நிரல் கோடிலிருந்து ஒவ்வொரு முறையும் உருவாக்கி எடுக்கும், போனில் ஓடக்கூடிய பிரதி ‘பில்ட்’. பாதி வேலை முடிந்த நிலையில் உங்கள் குழுவுக்குள்ளேயே ஆடிப் பார்ப்பது ஆல்பா. அம்சங்கள் பெரும்பாலும் முடிந்து, பிழைகளையும் சமநிலையையும் பார்க்க வெளியாட்களிடம் கொடுப்பது பீட்டா. பிளே ஸ்டோர் போன்ற ஆப் கடைகளின் மொழியில் ‘டிராக்’ என்பது ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும் பில்ட் போய்ச் சேரும் தனிப் பாதை.

மற்ற ஆப்களைவிட கேமுக்கு இது ஏன் அதிகம் தேவை? ஒரு குறிப்பேடு ஆப் எல்லா போனிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும். கேம் அப்படியல்ல. அட்ரீனோ கிராஃபிக்ஸ் சிப்பில் சரியாகத் தெரியும் ஷேடர் (நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் சிறு நிரல்), மாலி சிப்பில் கறுப்புத் திட்டாகத் தெரியலாம். 8 ஜிபி ரேம் உள்ள உங்கள் போனில் ஓடுவது 3 ஜிபி போனில் லோடிங் திரையிலேயே செத்துவிழலாம். இருபது நிமிடம் ஆடி போன் சூடேறிய பிறகுதான் ஃபிரேம் வேகம் சரியும். இரண்டு நிமிட சோதனையில் அது கண்ணில் படாது. அதனால் டெஸ்டர்களைத் தேடும்போது நண்பர்களின் எண்ணிக்கையைவிட அவர்கள் வைத்திருக்கும் போன்களின் வகையைப் பாருங்கள். ஒரே மாடல் வைத்திருக்கும் பத்துப் பேரைவிட, பழைய மலிவு போன் வைத்திருக்கும் இரண்டு பேர் மேல்.

ஏ.பி.கே. ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) நேராக அனுப்பினால் என்ன?

அனுப்பலாம். முதல் இரண்டு நாள், மூன்று நண்பர்களுக்கு என்றால் அதுதான் வேகமான வழி. ஜிமெயில் ஏ.பி.கே. இணைப்பை ஏற்காது என்பதால் டிரைவ் லிங்க்காகவோ மெசேஜிங் ஆப்பில் ஆவணமாகவோ போகும். வாங்குபவர் ‘தெரியாத ஆப்களை நிறுவ’ அனுமதி தர வேண்டும். ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி: குரோமுக்குக் கொடுத்தது ஃபைல் மேனேஜருக்குச் செல்லாது. பிளே ஸ்டோரின் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்ட் குறுக்கே வந்து எச்சரிக்கும். பாதிப் பேர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுவார்கள்.

இதையெல்லாம் தாண்டினாலும் மூன்று தொல்லைகள் மிச்சம். தானாக அப்டேட் ஆகாது. ஒவ்வொரு முறையும் முழு ஃபைலையும் இறக்க வேண்டும். பிளே ஸ்டோர் வழியே போனால் பெரும்பாலும் மாறிய பகுதி மட்டும்தான் இறங்கும், டெஸ்டரின் டேட்டா மிச்சமாகும். மூன்றாவதுதான் எல்லோரையும் குழப்புவது: கையொப்பம். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு ஆப்பும் ஒரு சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். நீங்கள் அனுப்பிய ஏ.பி.கே.யில் இருப்பது உங்கள் கணினியின் சாவி. பிளே ஸ்டோர் தரும் பிரதியில் இருப்பது பெரும்பாலும் கூகுள் வைத்திருக்கும் சாவி. இரண்டும் ஒன்றில்லை என்றால் ஒன்றின் மேல் மற்றொன்றை நிறுவ முடியாது. ‘ஆப் நிறுவப்படவில்லை’ என்று மட்டும் வரும், காரணம் சொல்லாது. பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். அழித்தால் போனில் சேமித்த ஆட்டமும் போய்விடும். ஃபைலாகக் கொடுத்த டெஸ்டர்களைப் பிறகு பிளே ஸ்டோர் டிராக்குக்கு மாற்றுவதாக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐபோனில் இந்த வழியே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். சாதன எண்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கொடுக்கும் ‘ஆட் ஹாக்’ முறை உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒவ்வொரு சாதன வகைக்கும் 100 என்ற வரம்பு. நடுவில் ஒன்றை நீக்கினாலும் அந்த இடம் அந்த ஆண்டு முழுக்கத் திரும்பக் கிடைக்காது.

கூகுள் பிளே: உள்ளிருந்து வெளியே

டெவலப்பர் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்களை ஏற்றி நிர்வகிக்கும் தளமான பிளே கன்சோலில் மூன்று சோதனை டிராக்குகள் இருக்கின்றன.

இன்டர்னல் டெஸ்டிங்கில் 100 பேர் வரை சேர்க்கலாம். ஏற்றிய பில்ட் பொதுவாகச் சில நிமிடங்களில் போய்ச் சேரும். கடைப் பக்கம், படங்கள், தனியுரிமைக் கொள்கை எல்லாம் முடிந்திருக்க வேண்டியதில்லை. குளோஸ்டு டெஸ்டிங்கில் மின்னஞ்சல் பட்டியலோ கூகுள் குரூப்போ கொடுத்துப் பெரிய கூட்டத்தைச் சேர்க்கலாம். ஆனால் கூகுளின் பரிசீலனை உண்டு, வயதுத் தரம், டேட்டா பாதுகாப்புப் படிவம் போன்றவையும் முடிந்திருக்க வேண்டும். ஓப்பன் டெஸ்டிங் என்றால் யார் வேண்டுமானாலும் கடையில் பார்த்துச் சேரலாம்.

இன்டர்னல் டிராக்கில் வேலை இப்படிப் போகும். கன்சோலில் ஆப்பை உருவாக்குங்கள். டெஸ்டர்கள் பகுதியில் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைத் தொடங்கி முகவரிகளைச் சேருங்கள். யூனிட்டி, கோடோ போன்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் பில்ட் எடுக்கும்போது ஏ.பி.கே. வேண்டாம், ஆப் பண்டில் (அந்தந்த போனுக்கான பிரதியை பிளே தயாரித்துக்கொள்ளும் மூல ஃபைல்) எடுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்களை பிளே அந்த வடிவில்தான் வாங்குகிறது. 64 பிட் நூலகமும் உள்ளே இருக்க வேண்டும்: யூனிட்டி என்றால் ‘ஸ்கிரிப்டிங் பேக்எண்ட்’ என்ற அமைப்பை ஐஎல்டூசிபிபிக்கு (IL2CPP) மாற்றி ஆர்ம்64ஐ (ARM64) டிக் செய்ய வேண்டும். பண்டிலை ஏற்றி, வெளியீட்டுக் குறிப்பை 500 எழுத்துக்குள் எழுதி, வெளியிடுங்கள். பிறகு டெஸ்டர்கள் பகுதியில் கிடைக்கும் லிங்க்கை நகலெடுத்து அனுப்புங்கள். டெஸ்டர் அந்த லிங்க்கைத் திறந்து ‘சம்மதம்’ கொடுத்த பிறகுதான் பிளே ஸ்டோரில் கேம் அவருக்குத் தெரியும்.

‘லிங்க் வேலை செய்யவில்லை’ என்ற புகார் கட்டாயம் வரும். பெரும்பாலும் காரணம் கணக்குக் குழப்பம்தான். பட்டியலில் இருப்பது ஒரு ஜிமெயில், பிரவுசரில் திறந்திருப்பது ஆபீஸ் கணக்கு, பிளே ஸ்டோரில் இருப்பது வீட்டில் வேறு யாருடையதோ. மூன்றும் ஒரே கணக்காக இருக்க வேண்டும். டெஸ்டரிடம் மின்னஞ்சல் கேட்கும்போதே ‘உங்கள் பிளே ஸ்டோரின் வலது மேல் மூலைப் படத்தைத் தொட்டால் வரும் முகவரியைக் கொடுங்கள்’ என்று கேட்டுவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். கணக்கு சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால், குளோஸ்டு டிராக்கில் அவருடைய நாட்டைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். கோவையிலிருந்து சோதனை நடத்தி, இந்தியாவை மட்டும் டிக் செய்துவிட்டு, யாழ்ப்பாணத்து நண்பருக்கு ஏன் தெரியவில்லை என்று தேடுவது வழக்கமான கூத்து. முதல் முறை வெளியிடும்போது மட்டும் லிங்க் உயிர் பெறச் சில மணி நேரம் ஆகலாம்.

வெர்ஷன் கோடு என்ற எண் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரிவது ‘0.4.2’ போன்ற பெயர். பிளே பார்ப்பது உள்ளே இருக்கும் முழு எண்ணை. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அது கூடியிருக்க வேண்டும், ஒருமுறை பயன்படுத்தியதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. பின்னோக்கிப் போகவும் வழியில்லை. 57 சொதப்பிவிட்டது, 56க்குத் திரும்ப வேண்டும் என்றால், 56இன் கோடை எடுத்து 58 என்று பெயரிட்டு ஏற்ற வேண்டும். பொது வெளியீட்டில் இருக்கும் எண் பீட்டாவைவிடப் பெரியதாக இருந்தால் டெஸ்டருக்கும் பொதுப் பிரதிதான் போகும். ‘பீட்டாவில் சேர்ந்தேன், புது லெவல் எதையும் காணோமே’ என்பதன் பின்னால் பல நேரம் இதுதான்.

புதிய கணக்குக்காரர்களைத் தடுக்கும் ஒரு மதில் உண்டு. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கும் முன் குளோஸ்டு டெஸ்டிங்கில் குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாட்கள் சேர்ந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் இது 20 பேராக இருந்தது. 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். இன்டர்னல் டிராக்கில் எத்தனை பேர் ஆடினாலும் இந்தக் கணக்கில் சேராது. அந்த அனுமதி கிடைக்கும்வரை ஓப்பன் டெஸ்டிங்கும் திறக்காது. சரியாகப் பன்னிரண்டு பேரைப் பிடித்து வைத்தால், பத்தாம் நாள் ஒருவர் விலகியதும் கணக்கு உடையும். பதினெட்டு, இருபது பேரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. காசு கொடுத்தால் பன்னிரண்டு மின்னஞ்சல் தருகிறோம் என்று ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டாம். விண்ணப்பத்தில் டெஸ்டர்களை எப்படிப் பிடித்தீர்கள், என்ன கருத்து வந்தது, அதன்படி எதை மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். கேமைத் திறக்காத கணக்குகளை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் எழுத முடியாது. நிறுவனப் பெயரில் உள்ள கணக்குகளுக்கு இந்த விதி இல்லை.

பிளே வழியே போனதும் உடையும் இன்னொன்று கூகுள் லாகின். உங்கள் கணினியிலிருந்து போட்டால் வேலை செய்யும். டிராக்கிலிருந்து இறக்கினால் பிழை எண் 10 என்று நிற்கும். மேலே சொன்ன அதே சாவிக் கதைதான். கன்சோலில் ஆப் கையொப்பப் பகுதியில் இருக்கும் எஸ்.ஹெச்.ஏ.-1 கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் எண்) எடுத்து, கூகுளின் டெவலப்பர் சேவைகளான ஃபயர்பேஸ் அல்லது கூகுள் கிளவுட் அமைப்பில் உங்கள் பழைய கைரேகைக்குப் பக்கத்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

ஆப்பிள்: டெஸ்ட்ஃப்ளைட்

ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம், பில்ட் எடுக்க ஒரு மேக். இந்த இரண்டும் இருந்தால், பீட்டா பில்டுகளைக் கொடுக்கும் ஆப்பிளின் சேவையான டெஸ்ட்ஃப்ளைட் ஆண்ட்ராய்டு பக்கத்தைவிட ஒழுங்கானது.

மேக்கில் ஆப் உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடிலிருந்து பில்டை, ஆப்பிளின் நிர்வாகத் தளமான ஆப் ஸ்டோர் கனெக்டுக்கு ஏற்றுங்கள். அங்கே அதைச் செயலாக்கி முடித்ததும் குறியாக்கம் (தகவலை ரகசிய வடிவுக்கு மாற்றுவது) பற்றிய கேள்வி வரும். சாதாரண இணைய இணைப்பைத் தவிர வேறு குறியாக்கம் எதுவும் கேமில் இல்லை என்றால், அந்தப் பதிலை ஆப்பின் விவரங்கள் இருக்கும் இன்ஃபோ பிலிஸ்ட் ஃபைலிலேயே ஒருமுறை எழுதிவைத்துவிடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்டும் உங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும்.

உள் டெஸ்டர்கள் 100 பேர் வரை. இவர்கள் உங்கள் ஆப் ஸ்டோர் கனெக்ட் கணக்கில் பயனராக இருப்பவர்கள். பரிசீலனை இல்லாமலே பில்ட் கிடைக்கும். வெளி டெஸ்டர்கள் 10,000 பேர் வரை. இவர்களுக்குப் போகும் முதல் பில்டை ஆப்பிள் பரிசீலிக்கும். கேமுக்குள் போக லாகின் தேவை என்றால் பரிசீலகருக்கு ஒரு மாதிரிக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள். அதை மறந்து நாட்களை இழப்பவர்கள் நிறைய. பொது லிங்க் ஒன்றை உருவாக்கி ‘முதல் 200 பேர்’ என்று வரம்பும் வைக்கலாம். ஆனால் பொது லிங்க்கில் வருபவர்களின் பெயரோ மின்னஞ்சலோ உங்களுக்குத் தெரியாது. திரும்பப் பேச வேண்டிய ஆட்களை மின்னஞ்சல் அழைப்பில் சேருங்கள்.

ஒவ்வொரு பில்டுக்கும் ஆயுள் 90 நாள். அதன்பின் கேம் திறக்காது. இது கட்டுப்பாடு போலத் தெரிந்தாலும் நல்லது: பழைய பில்டை வைத்துக்கொண்டு, எப்போதோ தீர்ந்த பிழையை யாரும் புகார் செய்யமாட்டார்கள். டெஸ்டர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அங்கிருந்தே கருத்தோடு அனுப்பலாம். சாதனம், பதிப்பு விவரம் எல்லாம் கூடவே வந்துவிடும். இந்தக் கட்டுரை தொடங்கிய நாலு கேள்விகளுக்கு அங்கே கேட்காமலே பதில் வருகிறது.

இரண்டு கடைக்கும் வெளியே ஃபயர்பேஸ் ஆப் டிஸ்ட்ரிபியூஷன் என்ற இலவச வழியும் உண்டு. ஒரு நாளைக்கு நாலு பில்ட் எடுத்துக் குழுவுக்குள் சுற்றவிட அது வசதி. ஆனால் ஐபோன் பக்கம் சாதன எண் பதிவு, ஆண்ட்ராய்டு பக்கம் ‘தெரியாத ஆப்’ அனுமதி என்ற தொல்லைகளை அது நீக்காது. வெளியாட்களுக்குக் கடை டிராக்தான் சரி.

காசு போகும் இடங்கள்

கேமில் நாணயமோ வைரமோ விற்கிறீர்கள் என்றால் இரண்டு கடைகளும் நேர் எதிராக நடந்துகொள்ளும். டெஸ்ட்ஃப்ளைட்டில் வாங்கினால் காசு பிடிக்காது, வாங்கியது பொது வெளியீட்டுக்கு வரவும் செய்யாது. பிளேயில், டெஸ்டர் டிராக்கில் இருப்பதாலேயே இலவசம் ஆகிவிடாது. அவருடைய உண்மையான பணம் போகும். கன்சோலின் அமைப்புகளில் ‘லைசன்ஸ் டெஸ்டிங்’ பட்டியலில் அவர் முகவரியைத் தனியாகச் சேர்த்தால்தான் சோதனை அட்டை காட்டும். எப்போதும் வெற்றியடையும் அட்டை, எப்போதும் தோற்கும் அட்டை என இரண்டும் வரும். தோற்கும் அட்டையை அவசியம் ஆடிப் பாருங்கள். பணம் போகாமலே வைரம் ஏறிவிடும் கேம்கள் உண்டு.

விளம்பரம் இன்னும் ஆபத்து. பீட்டா பில்டில், கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப்பின் நிஜ விளம்பர எண்ணை வைத்து, இருபது நண்பர்கள் ‘ஹெல்ப் பண்றோம்’ என்று தட்டித் தள்ளினால், அது ‘செல்லாத போக்குவரத்து’ (நிஜ ஆர்வம் இல்லாத கிளிக்) எனக் கருதப்பட்டு விளம்பரக் கணக்கே முடங்கலாம். சோதனை விளம்பர எண்களையோ, சோதனைச் சாதனப் பதிவையோ பயன்படுத்துங்கள்.

பில்டுக்குள்ளேயே செய்து வைக்க வேண்டியவை

தலைப்புத் திரையின் ஓரத்தில் பில்ட் எண் தெரியட்டும். ‘0.4.2 (58)’ என்று சின்ன எழுத்து போதும். அதைத் தொட்டால் போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ரேம் அளவு, கடைசியாக ஆடிய லெவல் எல்லாம் நகலாகும்படி வைத்துவிட்டால் டெஸ்டர் ஒட்டி அனுப்புவார். அரை நாள் வேலைதான். பீட்டா முழுக்க இதைவிடப் பயன் தரும் இன்னொரு அரை நாள் கிடைக்காது.

கிராஷ்லிட்டிக்ஸ் போன்ற கிராஷ் பதிவுக் கருவி ஒன்றைச் சேருங்கள். ஐஎல்டூசிபிபி பில்ட் என்றால் அந்த பில்டுக்கு உரிய சிம்பல் ஃபைல்களையும் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பிழை நடந்த இடத்தில் ஃபங்ஷன் பெயர் வராமல் வெறும் முகவரி எண்கள் வரிசையாக நிற்கும். பில்ட் எடுக்கும்போதே சிம்பல் ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அதே கோடிலிருந்து எடுத்தால்கூடச் சரியாகப் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை.

சேமித்த ஆட்டத்தின் ஃபைலிலும் ஒரு பதிப்பு எண் இருக்க வேண்டும். அடுத்த பில்டில் சேமிப்பு வடிவம் மாறினால், பழையதைப் பார்த்து கேம் நொறுங்காமல் மாற்றியமைக்கவோ, மரியாதையாக அழிக்கவோ அப்போதுதான் முடியும். பீட்டா முடிவில் எல்லாம் அழியும் என்றால் முதல் நாளே சொல்லுங்கள். நாற்பது மணி நேரம் ஆடியவரிடம் கடைசி நாளில் சொன்னால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆன்லைன் கேம் என்றால் பீட்டாவுக்குத் தனி சர்வர். சோதனைக்காக ஏற்றிய லட்சம் புள்ளி, வெளியீட்டு நாளில் தரவரிசை உச்சியில் உட்கார்ந்திருக்கக் கூடாது. குறைந்தபட்சப் பதிப்பு எண்ணை சர்வரில் வைத்து, அதற்குக் கீழே உள்ள பில்ட் திறந்தால் ‘அப்டேட் செய்யவும்’ என்று நிறுத்துங்கள்.

டெஸ்டரிடம் என்ன கேட்பது

‘ஆடிப் பார்த்துச் சொல்லுங்க’ என்றால் ‘சூப்பர்’ என்று பதில் வரும். வேலையாகக் கொடுங்கள். ‘இரண்டாவது லெவலை முடித்ததும் ஒரு போன் அழைப்பை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்புங்கள், ஆட்டம் விட்ட இடத்தில் இருக்கிறதா?’ ‘நெட்டை அணைத்துவிட்டுக் கடையைத் திறங்கள்.’ ‘இருபது நிமிடம் நிறுத்தாமல் ஆடுங்கள், போன் எவ்வளவு சூடாகிறது?’ ஒரு பில்டுக்கு இப்படி மூன்று வேலைகளுக்கு மேல் வேண்டாம். கேம் புரிகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் எதுவுமே சொல்லாமல் புது ஆளிடம் கொடுங்கள். அந்த வேலைக்கு ஒருவரை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அதனால் எல்லா டெஸ்டர்களையும் முதல் பில்டிலேயே செலவழித்துவிடாதீர்கள். முதலில் ஐந்தாறு பேர், கிராஷ் அடங்கிய பிறகு இருபது, பிறகு மற்றவர்கள்.

சிலர் ‘சாஃப்ட் லாஞ்ச்’ என்பதையும் பீட்டா என்றே சொல்கிறார்கள். அது வேறு. அங்கே கேம் சில நாடுகளில் மட்டும் உண்மையாகவே கடைக்கு வந்துவிடுகிறது. மதிப்பீடும் பணமும் நிஜம். சூப்பர்செல் நிறுவனத்தின் ‘பிரால் ஸ்டார்ஸ்’ 2017 ஜூனில் கனடாவில் அப்படித் தொடங்கி, 2018 டிசம்பரில்தான் உலகம் முழுக்க வந்தது. இடையில் போனை நிமிர்த்திப் பிடித்து ஆடும் கேம், படுக்கவைத்து ஆடும் கேமாகவே மாறியது. பீட்டாவில் பிழையைத் தேடுகிறோம். சாஃப்ட் லாஞ்சில் ஆட்டக்காரர் மறுநாள் திரும்பி வருகிறாரா, காசு கொடுக்கிறாரா என்று பார்க்கிறோம். பிளேயில் சோதனை டிராக்கில் இருப்பவர்களின் கருத்து உங்களுக்கு மட்டும் தனிப்பட வரும், பொது நட்சத்திரத்தைப் பாதிக்காது. சாஃப்ட் லாஞ்சில் அந்தக் குடை இல்லை.

எல்லாம் சரியாகி வெளியிடும் நாளில் பலர் ‘கடைசியாக ஒரு சின்ன மாற்றம்’ செய்து புது பில்ட் எடுத்து ஏற்றுகிறார்கள். அந்த பில்டை ஒருவர்கூட ஆடியிருக்க மாட்டார். பிளே கன்சோலில் சோதனை டிராக்கின் வெளியீட்டை அப்படியே பொது வெளியீட்டுக்கு உயர்த்தும் வசதி இருக்கிறது. டெஸ்ட்ஃப்ளைட்டில் இருக்கும் பில்டையே ஆப் ஸ்டோருக்கும் சமர்ப்பிக்கலாம். பதினான்கு நாள் ஆடிப் பார்த்த 58ஐயே அனுப்புங்கள். அந்தச் சின்ன மாற்றம் 59ஆக, மறுபடியும் இன்டர்னல் டிராக்கிலிருந்து தொடங்கட்டும்.